கல்கத்தாவில் சில அறைகள்

சியால்டா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, மேம்பாலத்துக்கு அடியில் காய்கறிக் கூடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே வழி தேடிச் சாலையைக் கடந்தால் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. ஊர்க்காரர்களுக்கு என்.ஆர்.எஸ். காலையிலேயே நல்ல கூட்டம். மாவட்டங்களிலிருந்து முதல் வண்டியில் வந்தவர்கள் ஸ்கேன் படங்கள் வைத்த பைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன்பு இது கேம்பெல் மருத்துவமனை. அங்கே ஒரு சின்ன அறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, எரிவாயு கிடையாது, மின்சாரமும் கிடையாது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்த அறையில் வேலை செய்தார்.

நான் கல்கத்தாவுக்குப் போனது அண்ணன் மகளைப் பார்க்க. கோவில்பட்டிப் பெண். மதுரையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கல்கத்தாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் காலராக் கிருமியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "வாங்க அத்தை, எங்க ஆளுங்க இருந்த எடமெல்லாம் காட்டுறேன்" என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன ஆட்களில் முதலாமவர் பிரம்மச்சாரி.

காலா அசார் என்ற கருங்காய்ச்சலைப் பற்றி இன்றைக்குத் தமிழ்நாட்டில் பேச்சே இல்லை. மணல் ஈ கடித்துப் பரவுவது. காய்ச்சல் மாதக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும், கை கால் சூம்பும், தோல் கறுக்கும். மருந்தில்லாமல் விட்டால் பிழைப்பவர் அரிது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் கிராமம் கிராமமாக வாரிக்கொண்டு போன நோய். ஆன்டிமனி உப்பை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். அது கிருமியையும் கொன்றது, நோயாளியையும் வதைத்தது. ஆன்டிமனியை எந்தச் சேர்மத்தோடு இணைத்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் பிரம்மச்சாரியின் கேள்வி. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்மங்களைச் செய்து பார்த்து 1920 வாக்கில் யூரியாவோடு சேர்த்து யூரியா ஸ்டிபமைனை உண்டாக்கினார். மாதக்கணக்கில் இழுத்த சிகிச்சை சில வாரங்களுக்குள் சுருங்கியது. பத்தில் ஒன்பது பேரைக் கொண்டுபோன நோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 1929-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு வரவில்லை. பின்னாளில் அந்த விளக்கு அறையைத் தன் புனிதத் தலம் என்றே அவர் சொன்னார்.

அந்த அறை எங்கே இருந்தது என்று நாங்கள் தேடவில்லை. "அறை எதுக்கு அத்தை? இந்த வாசல்ல வந்து நின்னாப் போதும்" என்றாள் அண்ணன் மகள். அவளுக்குக் காட்ட வேண்டியிருந்த இரண்டாவது ஆளும் இதே வளாகத்தில்தான் இருந்தார்.

சம்புநாத் டே 1915-ல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். லண்டனில் ராய் கேமரன் என்ற நோயியல் அறிஞரிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்று 1949-ல் ஊர் திரும்பினார். அங்கேயே இருந்திருக்கலாம். கல்கத்தாவின் மருத்துவமனைகளில் ஒவ்வொரு பருவத்திலும் காலரா நோயாளிகள் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். தன் வேலை இங்கேதான் என்று முடிவு செய்தார்.

காலராக் கிருமியை 1884-ல் ராபர்ட் கோக் இதே கல்கத்தாவில் தனியாகப் பிரித்துப் பார்த்திருந்தார். கிருமி ஒரு நஞ்சை உண்டாக்கியே கொல்கிறது என்றும் அவர் ஊகித்தார். அந்த நஞ்சைத் தேடி அடுத்த தலைமுறைகள் எலிக்கும் முயலுக்கும் கினிப் பன்றிக்கும் இரத்தத்தில் ஏற்றின, தோலுக்கடியில் ஏற்றின, வயிற்றறைக்குள் ஏற்றின. எதிலும் காலரா வரவில்லை. நஞ்சே இல்லை என்று நினைத்தவர்களும் உண்டு. டே கேட்டது மிக எளிய கேள்வி. நோய் இருப்பது குடலில். அப்படியானால் இரத்தத்தில் ஏன் தேட வேண்டும்?

அவர் செய்ததை அண்ணன் மகள் மருத்துவமனை வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் காட்டினாள். தன் துப்பட்டாவை நீளமாக இழுத்து, இரண்டு இடத்தில் இறுக்கிப் பிடித்தாள். "இதான் முயலோட சிறுகுடல்னு வச்சுக்கோங்க. மயக்கம் குடுத்து வயித்தத் தொறந்து, இங்க ஒரு பட்டு நூல் முடிச்சு, இங்க ஒண்ணு. நடுவுல இருக்கிற துண்டுக்குள்ள மட்டும் கிருமிய ஊசில ஏத்துறது. பக்கத்துல இன்னொரு துண்டக் கட்டி அதுக்குள்ள வெறும் திரவம். அப்புறம் வயித்தத் தச்சு விட்டுரணும். மறுநாள் தொறந்து பாத்தா..." பிடியைத் தளர்த்தி, நடுத்துணியை உப்பலாக விரித்தாள். வெறும் திரவம் போட்ட துண்டு சப்பையாகவே கிடக்கும். கிருமி போட்ட துண்டு தண்ணீர் கோத்து விம்மிப் புடைத்திருக்கும். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

இந்த முறை 1953-ல் வெளியானது. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டாவது அடி. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் குடல் துண்டுக்குள் ஏற்றினார். அப்போதும் புடைத்தது. கிருமி வெளியே விடும் நஞ்சுதான் குற்றவாளி என்பது அன்று உறுதியானது. கோக்கின் ஊகத்துக்கும் அதற்குமிடையே எழுபத்தைந்து ஆண்டு. டேக்குத் தேவைப்பட்டவை முயல், பட்டு நூல், ஊசி, வடிகட்டி, சரியான கேள்வி, அவ்வளவுதான்.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லும்போது அண்ணன் மகளின் குரல் மாறியது. எதுவுமே நடக்கவில்லை. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வேலை அவர் கைக்கு எட்டவில்லை. அதை 1969-ல் அமெரிக்காவில் ஃபின்கெல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும் செய்தார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அவருடைய முடிச்சுப்போட்ட குடலைப் பயன்படுத்தினார்கள். அவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து 1973-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் ஸ்வீடனில் காலராவைப் பற்றி நோபல் கருத்தரங்கு கூட்டியபோது அழைப்பு வந்தது. அங்கே போய், அறுபதுகளின் தொடக்கத்திலேயே தான் இறந்துவிட்டதாகவும், கருத்தரங்குக் குழு தன்னைத் தோண்டி எடுத்திருப்பதாகவும் அவர் பேசினார். 1985-ல் காலமானார்.

மருத்துவ ஆய்வின் பெரிய கஷ்டம் வறுமையும் வசதிக்குறைவும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அவை கஷ்டமே இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு பிரம்மச்சாரியைத் தடுக்கவில்லை, பட்டு நூலோடு டே நின்றுவிடவில்லை. அவர்களைப் போன்றவர்களைத் தின்பது வேறு. இராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்ததைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகு அதைக் கேட்க ஆளில்லாமல் போவது. கல்கத்தாவில் போன இடத்திலெல்லாம் நான் அதையே பார்த்தேன்.

டேயின் முதல் கட்டுரை வந்த அதே 1953-ல், இதே ஊரில், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் இன்னொன்றைச் செய்திருந்தார். வாந்தியை அடக்கிவிட்டு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். வாந்திக்குக் கற்பூரவல்லி இலைச் சாற்றையும் அவர் பயன்படுத்தினார். நம் வீட்டு முற்றத்தில் சளிக்குப் பிழிந்து கொடுக்கும் அதே இலை. 'லான்செட்' கட்டுரையை வெளியிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளிக் குழு இல்லை, உடலிலிருந்து போனது எவ்வளவு, உள்ளே சேர்ந்தது எவ்வளவு என்ற அளவுகள் இல்லை. அந்தக் குறைகள் உண்மை. ஆனால் அவற்றை நிறைவு செய்து பார்க்கலாமே என்று யாரும் முன்வரவில்லை. பதினைந்து ஆண்டு கழிந்தது.

அண்ணன் மகளின் ஆய்வகம் நகரத்தின் கிழக்குப் பக்கம். செருப்பை மாற்றி, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. முப்பத்தேழு டிகிரியில் வைத்திருந்த இன்குபேட்டரிலிருந்து வட்டத் தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கரும்பச்சை நிறத்தில் உறைந்த ஊடகம். அதன்மேல் கோடு கோடாக இழுத்த தடத்தில் மஞ்சள் புள்ளிகள், வழவழவென்று, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். புள்ளியைச் சுற்றிப் பச்சை மங்கி மஞ்சளாகியிருந்தது. ஊடகத்தில் இருக்கும் சர்க்கரையைக் கிருமி நொதிக்க வைத்து அமிலமாக்குகிறது, அதனால்தான் நிறம் மாறுகிறது என்றாள். முந்தின நாள் ஒரு குழந்தையின் மலத்திலிருந்து எடுத்த மாதிரி. "இதுல எது எந்த மருந்துக்கு அடங்கும், எது அடங்காதுன்னு பாக்குறதுதான் என் வேலை."

மதியச் சாப்பாட்டின்போது மற்றதையும் சொன்னாள். மாதிரிகள் மழைக்காலத்தில் குவியும், அந்த மாதங்களில் ஞாயிறு, திருவிழா எதுவும் கிடையாது. கிருமி நம் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை. துர்கா பூஜைக்கு ஊரே தெருவில் நிற்கும்போது இவள் தட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பாள். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். வீட்டு உரிமையாளர் வாடகைக்குக் காத்திருக்க மாட்டார். ஒருமுறை மின்தடையில் ஆழ்குளிர்பெட்டி நின்றுபோய்ச் சேமித்து வைத்த மாதிரிகளில் பாதி வீணாயின. எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது வேறு. மிகுந்த பாடுபட்டு ஒரு மரபணுவைப் பற்றி ஏறக்குறைய முடித்து வைத்திருந்ததை ஐரோப்பாவில் ஒரு குழு முன்னதாக வெளியிட்டுவிட்டது. யாருடைய குற்றமும் இல்லை. அவர்களும் நேர்மையாகத்தான் உழைத்தார்கள்.

"அன்னிக்கு என்ன பண்ண?"

"ரூமுக்குப் போயி அழுதேன். அப்புறம் அவங்க பேப்பரப் படிச்சேன். நான் பாத்தது சரிதான்னு அதுலயே இருந்துச்சு அத்தை. நாம பாத்தது நெசந்தான்னு யாரோ முகந்தெரியாதவங்க சொல்ற மாதிரி."

சொல்லும்போது அவள் கண் மின்னியதை என்னால் மறக்க முடியவில்லை. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்று ஓர் ஆய்வாளர் உணரும் அந்தக் கொஞ்ச நேரம் சம்பளத்திலும் வராது, பட்டத்திலும் வராது. ஊரில் கல்யாணப் பேச்சோடு போன் வரும்போதெல்லாம் அவள் இதை விளக்க முயன்று தோற்றிருக்கிறாள். நான் அண்ணனுக்கு எடுத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. பழைய பிரசிடென்சி ஜெனரல். ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையை ஒட்டிய மதில் சுவரில் ரொனால்ட் ராஸின் நினைவு வாயில் இருக்கிறது. அந்த வாயிலிலிருந்து தென்கிழக்கே எழுபது கஜத்தில் இருந்த சிறு ஆய்வகத்தில்தான் 1898-ல் மலேரியா கொசு வழியாகப் பரவும் விதத்தை ராஸ் கண்டார் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1927-ல் அதைத் திறந்து வைத்தபோது ராஸே வந்திருந்தார்.

ராஸ் அதற்கு முந்தின ஆண்டு செகந்திராபாத்தில் பட்ட பாடு பிரசித்தம். கண்ணில் வியர்வை வழியும். நெற்றியிலும் கையிலும் வடிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின, கடைசியாக மிஞ்சிய கண்ணாடியில் விரிசல். அறுத்து வைத்த கொசு காற்றில் பறந்துவிடும் என்பதால் பங்கா இழுக்க விடமாட்டார். உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கடிக்குச் சம்மதிக்க வைத்து, கடிக்கு ஓரணா கொடுத்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். கண்டுபிடித்த சூட்டிலேயே மலேரியா அதிகமில்லாத ராஜபுதனத்து ஊர் ஒன்றுக்கு அவரை மாற்றல் செய்தது ராணுவ மருத்துவத் துறை. கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது பிளேக் தடுப்பூசி பயத்தில் யாரும் விரலில் குத்த விடவில்லை. குருவிகளை வைத்துக்கொண்டு பறவை மலேரியாவில் ஆய்வைத் தொடர்ந்தார். முகமது பக்ஸ், கிஷோரி மோகன் பந்தோபாத்யாயா என்ற உதவியாளர்கள் கூட நின்றார்கள். ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி இருப்பதைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு.

கல்லில் ராஸ் பெயர் மட்டுமே இருக்கிறது. பக்ஸும் கிஷோரி மோகனும் உசேன் கானும் அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ராஸிடம் டேக்கு இல்லாத ஒன்று இருந்தது. லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்று ஒருவர். ராஸ் அவருக்கு நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். இன்று இத்தனை கொசு அறுத்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுவரை எழுதுவார். மேன்சன் ஒவ்வொன்றையும் படித்தார், பதில் எழுதினார், யோசனை சொன்னார், மனம் சோர்ந்தபோது தட்டிக்கொடுத்தார், கடைசியில் எடின்பரோவில் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் ராஸின் முடிவைத் தானே எழுந்து அறிவித்தார். ஒரு தபால் கப்பலுக்கும் அடுத்த தபால் கப்பலுக்கும் இடையில் ராஸ் வேலையை விட்டுவிடாமல் இருந்ததற்கு இந்தக் கடிதங்கள் பெரிய காரணம் என்பது என் துணிபு.

அன்று மாலை தெற்குக் கல்கத்தாவில் நடந்தபோது சுபாஷ் முகோபாத்யாயாவைப் பற்றிப் பேசினோம். உடலியங்கியல் பேராசிரியர். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3 அன்று பிறந்தது அவருடைய முயற்சியில். இங்கிலாந்தில் உலகின் முதல் குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. கருவை உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைக்கும் முறையை அவர் கையாண்டார். பின்னாளில் உலகமே அதைக் கைக்கொண்டது. மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. அது அவரை நம்பவில்லை. ஜப்பானில் போய்ப் பேச வந்த அழைப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

1986-ல் மும்பையில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடு நம்பியிருந்தது. அதைச் சாதித்தவர்களில் ஒருவரான டி.சி. ஆனந்த குமார் 1997-ல் கல்கத்தாவுக்கு வந்தபோது முகோபாத்யாயாவின் குறிப்புகளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, முதலாமவர் தான் அல்ல, அவர்தான் என்று எழுதி வெளியிட்டார். தன் தலையில் இருந்த மகுடத்தைத் தானே எடுத்து இறந்தவருக்குச் சூட்டினார். கையெழுத்துக் குறிப்புகளைப் பொறுமையாகப் படிக்கும் அந்த மனம் 1978-ல் விசாரணைக் குழுவில் ஒருவருக்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் மகள் வெகு தூரம் பேசாமல் நடந்துவந்தாள்.

கடைசியாகப் பங்காவ். சியால்டாவிலிருந்து உள்ளூர் வண்டியில் இரண்டு மணி நேரம், வங்கதேச எல்லைக்குப் பக்கத்தில் இச்சாமதி ஆற்றங்கரை ஊர். வண்டி டம் டம் நிலையத்தில் நின்றபோது அண்ணன் மகள் என் கையைத் தட்டினாள். "இந்த ஊர் காய்ச்சல்தான் அத்தை அந்தக் காலா அசார்." டம் டம் ராணுவ முகாமிலிருந்து போய் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் என்ற மருத்துவர் ஒரு கிருமியைப் பார்த்து 1903-ல் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் நோயாளியின் மண்ணீரலிலிருந்து அதே கிருமியை எடுத்துக் காட்டியவர் சார்லஸ் டானவன். லீஷ்மேனியா டானவனி என்று இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ராஸ். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அந்த மருத்துவமனையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

பாராசாத், ஹாப்ரா, கோபர்டாங்கா. ஜால்முரிக்காரர் பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கும் சத்தம். தாகுர்நகரில் சாமந்தி மூட்டைகளோடு பெண்கள் ஏறினார்கள். சன்னலுக்கு வெளியே நெல் வயலும் குளமும் வாழையும். 1971-ல் இந்த நிலம் முழுக்கச் சாக்குக் கூடாரங்களும் ஆட்களுமாக இருந்திருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அந்த ஆண்டு இந்தியாவுக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. மழை பிடித்ததும் முகாம்களில் காலரா.

திலீப் மகலனாபிஸ் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தில் குழந்தை மருத்துவம் பார்த்துவிட்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தில் சேர்ந்தவர். 1971 ஜூன் 24 அன்று பங்காவ் மருத்துவமனைக்கு வந்தபோது காலராவுக்கு இருந்தது இரண்டு அறை, பதினாறு கட்டில். மற்றவர்கள் தரையில். தரையெங்கும் மலமும் வாந்தியும். நரம்பில் நீர் ஏற்ற அதிலேயே மண்டியிட வேண்டியிருந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பை விட்டு வெளியேறிவிடும். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதாது.

குடிக்கக் கொடுக்கலாம் என்பது அதற்குள் ஆய்வகத்திலும் வார்டிலும் தெரிந்திருந்தது. டே காட்டிய நஞ்சு குடல் செல்களை அரிப்பதில்லை. உப்பையும் நீரையும் வெளியே தள்ளும் விசையை மட்டும் திருகிவிடுகிறது. உள்ளே இழுக்கும் வழி ஒன்று அப்போதும் திறந்தே இருக்கிறது. குளுக்கோஸ் போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகும். 1968-ல் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இதை நோயாளிகளிடம் அளந்து உறுதிசெய்திருந்தார்கள். ஆனால் அதெல்லாம் செவிலியர்கள் சூழ, ஒவ்வொரு மில்லிலிட்டரையும் எழுதிவைக்கும் வார்டுகளில். படிப்பறியாத உறவினர் கையில் கோப்பையைக் கொடுத்து ஊற்றச் சொல்வதை யாரும் செய்து பார்த்ததில்லை. தவறினால் பழி முழுக்க அவர் தலையில்.

அவர் துணிந்தார். கல்கத்தா மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் இடமானது. ஒருவர் நிறுப்பார், ஒருவர் பையில் போடுவார், ஒருவர் சூடான இஸ்திரிப் பெட்டியால் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டுவார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. செலவு 11 பைசா. பங்காவில் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாய்மார்களும் அண்ணன்மார்களும் கோப்பையில் பிடித்துக் கொண்டுபோய்ப் புகட்டினார்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த நோயில் அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

ஒப்பீட்டுக் குழு இல்லையே என்ற பழைய கேள்வி அவருக்கும் வந்தது. சட்டர்ஜியின் கட்டுரைக்கு நேர்ந்தது இதற்கு நேராமல் போனதற்குக் காரணம், உலகச் சுகாதார நிறுவனத்தில் பாக்டீரிய நோய்ப் பிரிவில் இருந்த திமான் பருவா. அவர் நேரில் பங்காவுக்கு வந்தார். அந்த டிரம்களையும் கோப்பைகளையும் தன் கண்ணால் பார்த்தார். பார்த்ததை ஜெனீவாவில் ஆண்டுக்கணக்கில் விடாமல் சொன்னார். 1978-ல் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பும் அவருக்கு வந்தது.

மகலனாபிஸுக்கு வெளிநாட்டு விருதுகள் கிடைத்தன. தான் மருத்துவம் பழகிய கல்கத்தா குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதம் முந்தியிருக்கலாம். ஐம்பது ஆண்டு முந்தியிருக்கலாம்.

பங்காவ் மருத்துவமனையில் இன்று கட்டடங்கள் புதியவை. வாசலுக்கு எதிரே மருந்துக் கடையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கினோம். அண்ணன் மகள் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் படித்தாள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9.

"22 கிராம் குளுக்கோஸ்னு சொன்னியே?"

"அது ரொம்ப அடர்த்தி அத்தை. அடர்த்தி கூடுனா குடலுக்குள்ளயே தண்ணிய இழுத்து வச்சிக்கும். கொறைச்சுப் பாத்தாங்க. வாந்தி கொறைஞ்சுது, ஊசில ஏத்த வேண்டிய குழந்தைங்க மூணுல ஒரு பங்கு கொறைஞ்சாங்க. 2002-லதான் இந்தக் கணக்கு வந்துச்சு."

உப்பையும் சர்க்கரையையும் இத்தனை கிராம் குறைப்பதற்குப் பல நாடுகளில் பல ஆண்டு ஆய்வு தேவைப்பட்டிருக்கிறது. மகலனாபிஸும் அதில் இருந்தார். டாக்காவில் ஆய்வுப் பொறுப்பில் இருந்தபோதும் பிறகும் தன்னுடைய கரைசலையே இன்னும் நல்லதாக்கும் வேலையை அவர் விடவில்லை. அவர் பெயரைப் புகழுக்குக் கொண்டுபோன கணக்கு அது. அதில் திருத்த இடமிருக்கிறது என்று காட்டும் கட்டுரைகளில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

நாங்கள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்த கடைக்காரர், சரக்கில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். அண்ணன் மகள் வங்காள மொழியில் இல்லையென்று சொல்லிவிட்டு, எதிரே இருக்கும் மருத்துவமனையில் 1971-ல் நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். கடையில் அவளுடைய துப்பட்டா மறுபடியும் முயலின் குடலானது. மருந்துச் சீட்டோடு வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார், அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஐந்தரை வண்டியை விட்டுவிட்டோம். அடுத்ததில் ஏறியபோது கூட்டம் இல்லை, இருவருக்கும் சன்னலோரம் இடம் கிடைத்தது.